டிரைவரின் ஜாதகம் எல்லார் கையிலும் இருக்கு, டிரைவர் கையில் மட்டும் இல்லை



லாரி டிரைவர் வேலைக்குப் போனா இப்போ முதல் கேள்வியே "போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கா?" என்பதுதான். துறைமுகத்துக்குள்ள போக பாஸ் வேணும்னாலும் அதைத்தான் கேட்கிறாங்க.

பின்னணி சரிபார்ப்பே வேண்டாம்னு சொல்ல இந்தப் பதிவு இல்லை. நாமக்கல்லில் இருந்து ஓடுற ஒரு கேஸ் டேங்கரில் 18 டன் எல்பிஜி இருக்கும். அந்த ஸ்டியரிங்கை யார் கையில் கொடுக்கிறோம்னு பார்க்காமல் கொடுக்க முடியாது. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விடக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 5-வது பிரிவே ஓனருக்குச் சொல்லுது. லைசென்ஸ் போலின்னா இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கவனிக்காமல் விட்ட ஓனரிடம் திருப்பி வசூலிக்கலாம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஒரே லாரியை வச்சுக்கிட்டு டியூ கட்டுற சின்ன ஓனருக்கு அது குடும்பத்தையே சாய்க்கிற அடி. அவர் பயமும் நியாயம்தான்.

ஆனா அந்தப் பயத்துக்கு மருந்து லைசென்ஸைப் பார்ப்பது. பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் ரெண்டே நிமிஷம். ஹெவி இருக்கா, தேதி முடிஞ்சிருக்கா, எல்லாம் தெரிஞ்சிடும். கேஸ், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்குன்னா 3 நாள் பயிற்சி முடிச்சு லைசென்ஸில் அதற்குத் தனிப் பதிவு இருக்கணும். அதையும் பாருங்க, கண் பார்வையையும் சோதிங்க. இதுல எந்த டிரைவரும் குறை சொல்ல மாட்டார்.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் வருது. "கேஸ் இருக்கா?"

ரோட்டில் ஒரு எழுதாத சட்டம் உண்டு: பெரிய வண்டி மேலதான் கேஸ். ராங் சைடுல பைக் வந்து மோதினாலும், எஃப்ஐஆரில் முதல் பேர் பெரும்பாலும் லாரி டிரைவர் பேர்தான். முன்பு 279, 337, 304(ஏ). இப்போது புதிய சட்டத்தில் 281, 125, 106(1). உயிர்ச்சேதம்னா முன்பு அதிகபட்சம் 2 வருஷம் சிறை, இப்போ 5 வருஷம். 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் வண்டியை நிறுத்தினது இதைவிடக் கடுமையான 106(2)-ஐ எதிர்த்து. அந்த உட்பிரிவை மட்டும் மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தது. மற்றதெல்லாம் அமலில் இருக்கு.

எஃப்ஐஆர் என்பது புகாரின் பதிவு, தீர்ப்பு இல்லை. கோர்ட்டில் விடுதலை ஆக வருஷக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் எங்கே வேலை கேட்டாலும் "கேஸ் இருக்கு" என்ற ரெண்டு வார்த்தையில் கதை முடிஞ்சிடுது. குடிச்சுட்டு ஓட்டி தண்டனை வாங்கினவரும், நின்னுக்கிட்டிருந்த லாரியில் பின்னாலிருந்து ஒருத்தர் வந்து மோதினதால பேர் ஏறினவரும் ஓனர் கண்ணுக்கு ஒரே ஆள்.

இங்கே ஒண்ணு கவனிங்க. லைசென்ஸை சஸ்பெண்ட் செய்யணும்னா ஆர்டிஓவே, 19-வது பிரிவுப்படி, முதலில் டிரைவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கணும். உத்தரவு வந்த பிறகும் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அரசு அதிகாரிக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கு. வேலை கொடுக்கிறவருக்கோ எதுவும் கிடையாது. "அப்புறம் சொல்றோம்பா" என்று அனுப்பிட்டா, என்ன காரணம்னே டிரைவருக்குத் தெரியாது.

நாங்க ஐடி கம்பெனியில் சேரும்போதும் பேக்ரவுண்ட் செக் நடக்கும். ஏதாவது பொருந்தலைன்னா எச்ஆரிடமிருந்து மெயில் வரும், டாக்குமென்ட் கொடுத்து விளக்கலாம். லாரி டிரைவருக்கு அந்த மெயில் வர்றதில்லை.

இன்னொரு வழி, பழைய ஓனருக்கு ஒரு போன். நியமனக் கடிதம் இல்லாத தொழிலில் அந்த ஒரு போன்தான் டிரைவரோட அனுபவச் சான்றிதழ். படிக்காசு பாக்கி வச்சவர், கணக்கு கேட்டதால் கோபப்பட்டவர், அவர்தான் சாட்சி! வாட்ஸ்அப் குரூப்பில் "இவனுக்கு வண்டி கொடுக்காதீங்க" என்று போட்டோவும் லைசென்ஸும் சுத்த ஆரம்பிச்சா, மறுத்துப் பேச அந்த குரூப்பில் அவர் இல்லவே இல்லை.

முதலாளிகளின் நாடு என்று நாம சொல்ற அமெரிக்காவிலேயே, லாரி கம்பெனி ஒரு டிரைவரின் முந்தைய 3 வருஷ வேலை வரலாற்றை விசாரிக்கணும் என்று விதி இருக்கு. அதே விதியில், அந்தத் தகவலைப் பார்க்க, தப்பைத் திருத்தச் சொல்ல, தன் மறுப்பைச் சேர்த்து வைக்க டிரைவருக்கும் உரிமை இருக்கு. நம்ம ஊரில் விசாரணையை மட்டும் எடுத்துக்கிட்டோம், உரிமையை விட்டுட்டோம்.

நாம கேட்பது பெரிசா ஒண்ணும் இல்லை. வெரிஃபிகேஷன் அறிக்கையில் விசாரணையில் இருக்கிற வழக்கு, விடுதலை ஆன வழக்கு, தண்டனை ஆன வழக்கு மூணும் தனித்தனியாகத் தெரியணும். கம்பெனிக்குப் போகிற அதே அறிக்கை அதே நாளில் டிரைவர் போனுக்கும் போகணும். வேலை மறுத்தால் காரணம் எழுத்தில் வரணும், பதில் சொல்ல ஒரு வாரமாவது கொடுக்கணும். அறிக்கையை மாற்ற டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்லை, காவல்துறை மாநிலப் பட்டியலில்தான் இருக்கு.

சரிபார்க்கிற ஓனரை யார் சரிபார்ப்பது என்ற கேள்வியும் பாக்கி இருக்கு. டிரைவர் அண்ணன்களே, வண்டி ஏறும் முன் எம்பரிவாகன் ஆப்பில் அந்த வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. எஃப்சி, இன்சூரன்ஸ் எதுவரைக்கும்னு காட்டும். காலாவதி ஆன வண்டின்னா ஏறாதீங்க.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இருக்கிற தோழர்கள் லாரி பட்டறை, டீக்கடைன்னு போய் இதைப் பேசுங்க. விபத்து வழக்கில் விடுதலை ஆகியும் வேலை கிடைக்காதவங்க இருந்தால் தீர்ப்பு நகலை வாங்கி வையுங்க, மனுவோடு சேர்த்துக் கொடுப்போம்.

#டிரைவருக்கும்_ஒரு_நகல்