கணினியில் மூடப்படாமல் கிடக்கும் வேலை: ஹொரைசன் விவகாரம் எமக்குச் சொல்வது

பிரித்தானியத் தபாலகத்தின் ஹொரைசன் விவகாரத்தை எம்மவர்கள் பலர் அறிவார்கள். 1999 முதல் 2015 வரையான காலத்தில் 900க்கும் மேற்பட்டோர் பணம் கையாடியதாகவும் பொய்க் கணக்குக் காட்டியதாகவும் குற்றவாளிகளாக்கப்பட்டனர். 2024 மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி அத்தீர்ப்புகளில் பலவற்றை இரத்துச் செய்தது. குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்திருக்கக்கூடும் என்று சேர் வின் வில்லியம்ஸின் விசாரணை அறிக்கை 2025 யூலையில் கூறியது.

"கணினி பிழை விட்டது" என்று சொல்லி நாம் கடந்துபோகிறோம். எப்படிப் பிழை விட்டது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹொரைசனில் இருந்த பல வழுக்களில் ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

2015 ஒக்ரோபரில் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் கிராமத்தில் 8,000 பவுண்ஸ் கொண்ட பணப்பை ஒன்று கிளைக்கு வந்தது. பெற்றுக்கொண்டதாகப் பதிந்த பின்னரும் திரை மாறவில்லை. மீண்டும் மீண்டும் 'என்ரர்' அழுத்தப்பட்டது. ஒவ்வொரு தடவையும் அதே 8,000 பவுண்ஸ் புதிதாக வந்ததாகக் கணக்கில் ஏறியது. நான்கு பதிவுகளில் 32,000 பவுண்ஸ் ஆயிற்று. கையில் இருந்ததோ 8,000. மிகுதி 24,000 பவுண்ஸ் 'பற்றாக்குறை'.

ஏன் இப்படி நடந்தது? பயனர் ஒருவர் உள்நுழைந்ததும் மென்பொருள் அவருக்கென ஒரு வேலைப் பட்டியலைத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. எதுவரை வந்தார், அடுத்து என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த வேலைக்கு மூன்று விதமான முடிவு உண்டு: செய்து முடிப்பது, இடையில் கைவிடுவது, நெடுநேரம் அசைவில்லாததால் கணினியே வெளியேற்றுவது. மூன்றில் எது நடந்தாலும் பட்டியல் அழிக்கப்பட வேண்டும். டல்மெலிங்டனில் கணினி தானாக வெளியேற்றியபோது முடியாத வேலை ஒன்று அழியாமல் தங்கிவிட்டது. பின்னர் பணப்பையைப் பதிந்ததும், திரை ஆரம்பப் பக்கத்துக்குத் திரும்பாமல் அந்த மிச்சத்தில் சிக்கிக்கொண்டது.

கணக்காளர்களுக்கு இது புதிய பிரச்சினை அல்ல. ஒரு பற்றுச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவுடன் அதன்மேல் 'செலுத்தப்பட்டது' என்று முத்திரை குத்துவோம். குத்தாத சீட்டு மேசையில் கிடந்தால் இன்னொருவர் மீண்டும் பணம் கொடுப்பார். ஒரே இலக்கமுள்ள பணப்பை இரண்டாவது முறை வந்தால் மறுக்க வேண்டும் என்ற சிறிய சோதனை இருந்திருந்தாலே போதும்.

இது தற்செயலாக ஒரேயொரு தடவை நடந்ததும் அல்ல. 2010 முதலான ஐந்து ஆண்டுகளில் இத்தகைய 112 இரட்டைப் பதிவுகள் இருந்ததாக மென்பொருளை நடத்திய புஜித்சு நிறுவனமே பின்னர் கண்டறிந்தது. 2019 டிசம்பரில் நீதியரசர் பிரேசர் வழங்கிய தீர்ப்பிலும் இந்த வழு இடம்பெற்றது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டிய சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. கணினியின் உட்பதிவுகளோ அவர் கையில் இல்லை. இந்த விதியை மாற்றுவது பற்றி அரசு 2025 சனவரியில் கருத்துக் கோரியது. அது மாறுவது எம்மைப் போன்ற சிறுகடைக்காரருக்கும் முக்கியம். ஆங்கிலத்தில் வாதாடத் தயங்குபவருக்கு அந்தச் சுமை இரட்டிப்பாகும்.

கடையோ எரிபொருள் நிலையமோ நடத்துபவர்கள் தமது மென்பொருள் வழங்குநரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பாதியில் நின்ற பதிவுக்கு என்ன நடக்கும்? அது எத்தனை நிமிடத்தில் நீக்கப்படும்? நீக்கியதற்கான பதிவை நான் பார்க்க முடியுமா?

திரை அசையாமல் நின்றால் மறுபடி அழுத்தாதீர்கள். படம் எடுங்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள், உதவிப் பிரிவு தரும் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கணக்கில் குறையும் பணத்தைச் சொந்தப் பையிலிருந்து மௌனமாகப் போட்டுவிடாதீர்கள். ஹொரைசன் விவகாரத்தில் பலர் அப்படிப் போட்டார்கள். அந்த மௌனத்தால் வழு வெளியே தெரிய வரவில்லை. அவர்களுக்குப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.