பசு எடுக்கத் தெரியாத செல்போன்

காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர், பெரம்பலூர் பாலக்கரை டீக்கடையில் செல்போனை நீட்டினார். பேத்தி பல்லாங்குழி ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தாளாம். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார்: "வேஸ்ட். பல்லாங்குழி தெரியாதவன் செய்தது." இதைப் பெருமையாக வேறு காட்டுகிறார்!

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான்.

என்ன குறை என்று கேட்டேன். "பசு எடுக்க விடவில்லை" என்றார். நியாயமான குறை. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும். அரியலூர்ப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவும் அத்தையும் புளியங்கொட்டை வைத்து அப்படித்தான் ஆடினார்கள். ஆனால் மனுஷன் அதை எழுதவே இல்லையே! எங்கோ உட்கார்ந்து இதைச் செய்த பையனுக்கு "வேஸ்ட்" என்பதிலிருந்து என்ன விளங்கும்?

நான் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். "கரண்ட் சரியில்லை" என்று போன் வந்தால் எந்தக் கம்பத்தில் ஏறுவது? "மோட்டார் போட்டால் எங்கள் வீட்டில் விளக்கு மங்குது, பக்கத்து வீட்டில் மங்கவில்லை" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. இதுவும் அப்படித்தான். என்ன போன், எந்தக் குழியிலிருந்து எடுத்தேன், எங்கே நான்கு சேர்ந்தது, பிறகு என்ன நடந்தது என்று எழுத வேண்டும். குழிக்கு ஐந்து காய் போடும் ஊரும் உண்டு, ஆறு போடும் ஊரும் உண்டு. ஆகவே "எங்கள் ஊரில் இப்படி" என்று எழுதலாம், "உனக்குத் தெரியாது" என்று எழுதக் கூடாது.

"ஓசியில் கிடைச்சதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" என்கிறார் நண்பர். ஐயா, உங்கள் வீட்டு மரப் பல்லாங்குழி பரணில் கிடக்கிறது. பேத்திக்குச் செல்லில் இருப்பதுதான் பல்லாங்குழி. அதில் பசு இல்லையென்றால் அவளுக்குப் பசுவே இல்லை.

2023-ல் கனடாவிலிருந்து 'வெண்பா' என்று ஒரு வீடியோ கேம் வந்தது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையல்தான் ஆட்டம். இட்லித் தட்டு அடுக்குவதுகூட அதில் ஒரு புதிர்! மறுவருடம் பாஃப்டா விருதும் வாங்கியது. நம் அடுக்களையும் திண்ணையும் இப்படி உலகம் சுற்றும்போது, விஷயம் தெரிந்த கிழவர்கள் நாம் ஒற்றை வார்த்தையில் திட்டிவிட்டு டீ குடிக்கிறோம்.

நாளைக் காலை கண்ணாடியோடு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த "வேஸ்ட்"டை அழித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து எழுதப் போகிறோம்.