கவரிங் கம்மல் அரிக்கிறதா? பல் டாக்டரிடம் சொல்லுங்கள்!

கவரிங் கம்மல் போட்ட இரண்டொரு நாளில் சிலருக்குக் காது சிவந்து, அரித்து, நீர் கோத்துக்கொள்ளும். கம்மலைக் கழற்றி வேப்பங்குச்சியைச் செருகினால் சரியாகிவிடும், விஷயமும் மறந்துவிடும். ஆனால், பல்லுக்கு கேப் போடப் போகும்போது டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான்.

பெரும்பாலும் இந்த அரிப்புக்குக் காரணம் நிக்கல். விலை குறைந்த உலோக கேப்கள் பலவும் நிக்கல்-குரோமியம் கலவையில் செய்யப்படுபவை. அதில் பாதிக்கு மேல் நிக்கல்தான். பல் நிறத்தில் தெரியும் செராமிக் கேப்பின் உள்ளேயும் இந்த உலோகம் இருக்கலாம். கிளிப் போடும் சிகிச்சையில் பயன்படும் நிக்கல்-டைட்டானியம் கம்பியிலும் ஏறக்குறைய பாதி நிக்கல்.

உமிழ்நீர் படப் பட, உலோகத்திலிருந்து அயனிகள் மிக நுண்ணிய அளவில் கரைந்து வரும். கலவையில் உள்ள குரோமியம், கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரவி அதைத் தடுக்கிறது. புளிப்பான குளிர்பானங்கள், அடிக்கடி எதுக்களித்து வரும் அமிலம், சரியாகத் துலக்காத பல்லில் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் ஆகியவை இந்தப் படலத்தைப் பலவீனமாக்கும். வெவ்வேறு உலோகங்கள் வாய்க்குள் ஒன்றையொன்று தொட்டாலும் கரைவது கூடும்.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். பருப்பு, முந்திரி, சாக்லேட் என்று தினசரி உணவிலும் நிக்கல் இருக்கிறது. ஒவ்வாமை இல்லாத பெரும்பாலானவர்களுக்கு கேப்பால் தொந்தரவு வருவதில்லை. ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்குத்தான் கேப்பை ஒட்டிய ஈறு சிவப்பது, வாய் எரிவது, உதட்டைச் சுற்றித் தடிப்பது போன்றவை வரலாம். கேப் சரியாகப் பொருந்தாவிட்டாலும் ஈறு வீங்கும் என்பதால், உடனே கேப்பைக் கழற்றச் சொல்லி அவசரப்படக் கூடாது. தோல் மருத்துவர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் 'பேட்ச் டெஸ்ட்' சில நாள்களில் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

நிக்கல் ஒவ்வாமை உறுதியானால் ஜிர்கோனியா போன்ற உலோகமில்லாத கேப்கள் இருக்கின்றன. செலவு கூடுதல்தான், ஆனால் போட்ட கேப்பைக் கழற்றி மறுபடி போடுவதைவிடக் குறைவு. எந்த கேப் போட்டாலும், அது என்ன உலோகம் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.