கோட்டு வேணாம் சாமி, வெங்காயம் போதும்!

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் எவனுக்காவது "அக்டோபரில் ரெண்டு வாரம் ஜெர்மனியில் ட்ரெய்னிங்" என்று மெயில் வந்தால் போதும். விசா வருவதற்கு முன்னாடியே ஊரே கூடி அவனுக்குத் துணி எடுக்கக் கிளம்பிடும். "குளிர்ல வெறச்சிப் போயிடுவடா" என்பார் மாமா. அவர் பார்த்த அதிகபட்சக் குளிர் ஊட்டி. உடனே பெரியமேட்டுக்குப் போய் ஒரு தோல் ஜாக்கெட், ரெண்டு தடி ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா.

சிப்காட்டில் மெயின்டனன்ஸில் இருக்கும் தெரிந்த தம்பி ஒருத்தனுக்கு இப்படித்தான் பாதி மாசச் சம்பளத்துக்கு மேல் காலி. அவங்க அம்மா செயின் அடகுக்குப் போனது. எனக்கு எரிச்சலே அங்கேதான். இத்தனை காசையும் கொட்டி வாங்கினது தப்பான துணி!

ம்யூனிக்கில் அக்டோபர் மாதச் சராசரி பகலில் 14 டிகிரி பக்கம், ராத்திரியில் 5 பக்கம். இது உறைபனி இல்லை மக்களே. பிரச்சினை குளிர் இல்லை, மாறிக்கிட்டே இருப்பதுதான். ஆல்ப்ஸ் மலை தாண்டி ஒரு வெப்பக்காற்று இறங்கினால் 20 டிகிரிக்கு மேலேகூடப் போகும். மறுநாள் மழை பிடித்தால் பத்தைத் தாண்டாது. டிராமுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் ஹீட்டர். தோல் ஜாக்கெட்டோட உள்ளே போனால் வேர்த்து ஊத்தும், கழற்றினால் கையில் ரெண்டு கிலோ சுமை. வேர்வையில் நனைந்த பருத்தி பனியனோட திரும்ப வெளியே வந்தால்தான் நடுக்கமே. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். முதல் வருஷ இன்ஜினியரிங் பாடம், துணிக்கடையில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மழையில் நனைந்த தோல் ஜாக்கெட் கதியைத் தனியாச் சொல்லணுமா?

ஜெர்மன்காரனே இந்தச் சீசனுக்கு உடுத்துவதை 'ட்ஸ்வீபல்லுக்' என்கிறான். ட்ஸ்வீபல் என்றால் வெங்காயம். தோல் தோலாகப் போடு, தோல் தோலாக உரி. அடுக்குக்கு அடுக்கு நடுவே சிக்கின காற்றுதான் குளிரைத் தடுக்குது, துணியின் விலை இல்லை. உள்ளே கிரிக்கெட் ஆட வாங்கின பாலியஸ்டர் டீ-ஷர்ட், மேலே முழுக்கை சட்டை, அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃப்ளீஸ், எல்லாத்துக்கும் மேல தொப்பி வச்ச, தண்ணி இறங்காத மழை ஜாக்கெட். கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி. பெட்டிக்கு 23 கிலோதான் என்கிற ஏர்லைன்ஸில், இதெல்லாம் போக அம்மாவோட பருப்புப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் இடம் இருக்கும் :-)

காலையில் வெயில் பார்த்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, சாயங்காலம் சென்ட்ரலில் தொப்பலாக இறங்குகிற ஜனம் நாம. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையே பார்த்தாச்சு. மழைக்குத் தயாராகிறது நமக்குப் புதுசா? ஆனா ஐரோப்பா என்றதும் மழையை மறந்துட்டுப் பனியை மட்டும் நினைக்கிறோம். சினிமா பார்த்துக் கெட்டுப்போன புத்தி. ஜனவரியில் ஃபின்லாந்து போகிறவன் கதை வேற. அவன் கனமான கோட்டை அங்கே போய் வாங்கட்டும், அந்தக் குளிருக்கென்றே தைத்தது கிடைக்கும்.

மாமாவை விடுங்க, பாசத்தில் சொல்கிறார். கம்பெனிக்கு என்ன கேடு? அந்தத் தம்பிக்கு வந்த குறிப்பில் "வார்ம் க்ளோத்ஸ் எடுத்து வரவும்" என்று ஒரே வரி. எத்தனை டிகிரி, மழை வருமா, யார் காசு, மூச்சே இல்லை. ஐடி பக்கம் சில கம்பெனிகளில் ஆன்சைட் போகும்போது 'வின்டர் அலவன்ஸ்' கொடுக்கிறாங்க. எங்களைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிற தொழிற்சாலைப் பையன் மட்டும் நகையை வைத்துப் போகணுமாம். ஃபர்னஸ் பக்கம் நிற்க ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் கொடுக்கிற அதே ஸ்டோரில் ஒரு மழை ஜாக்கெட்டும் ஃப்ளீஸும் வாங்கி வைத்தால், போய் வந்தவன் துவைத்துக் கொடுத்துட்டு அடுத்தவன் எடுத்துட்டுப் போவான். பத்துப் பேருக்கு ரெண்டு செட் போதும்.

தம்பிகளா, அடுத்த தடவை மெயில் வந்தால் பெரியமேட்டுக்குப் போகும் முன்னாடி ஹெச்ஆருக்கு ஒரு பதில் போடுங்க: "உடைக்கு எவ்வளவு, பில் யார் பெயரில்?"