நன்றியுரையில் மட்டும் இருளர்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டைச் சொல்லிப் பூரிப்பவர்கள், அதில் சொல்லப்பட்ட தகுதிகளைப் பற்றிப் பேசுவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து அந்த விதிகளின்படி, சபை வாரியத்துக்கு வர வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், வேதமும் கற்றிருக்க வேண்டும். யாருடைய அறிவு கணக்கில் வரும் என்பதைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள்.

அதே ஊரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில்தான் பாம்பு, தவளைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 'செய்கிறேன்' என்பது பாதி உண்மை. வளை வாயில் மண் வழவழப்பாக இருக்கிறதா, சட்டை உரிந்து கிடக்கிறதா, எச்சம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, உள்ளே இருப்பது எலியா கண்ணாடி விரியனா என்று சொல்பவர் என்னோடு வரும் இருளர் அண்ணன். என் கட்டுரையில் அவர் 'கள உதவியாளர்'. பெயர் கடைசியில், நன்றியுரையில். ஆசிரியர்கள் வரிசையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "அவர் என்ன படிச்சிருக்கார்?" என்றார்கள். நானும் அதற்கு மேல் பேசவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் இருளர்கள் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது அவர்களுடைய பிழைப்பே குற்றமானது. தோல் விற்றுச் சம்பாதித்தவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். 1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் இன்றும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் விஷம் எடுத்து, பாம்பை உயிரோடு திரும்ப விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. கடிபட்டவர் எந்தச் சாதியானாலும் அந்த ஊசிதான். ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று முடிவு செய்வது வனத்துறை.

2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். முதல் இரண்டு வாரங்களிலேயே 13 பாம்புகள் பிடிபட்டன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். அந்தச் செய்தியைச் செல்போனில் காட்டியபோது அண்ணன் சிரித்தார். அவர் மகளின் பழங்குடிச் சான்றிதழுக்கான மனு அப்போதும் நிலுவையில் இருந்தது. "நாம யாருன்னு அமெரிக்காக்காரனுக்குத் தெரியுது தம்பி, இங்க இருக்கிற ஆபீசுல அத்தாட்சி கேக்குறான்" என்றார்.

பல்லுயிர்ப் பாதுகாப்புக்குக் குழுக்கள் போடுகிறார்கள், கருத்தரங்கு நடத்துகிறார்கள். இருளர் அங்கே வருவது பாம்பைப் பிடித்துக் காட்டத்தான். திட்டம் தீட்டும் மேசையில் நாற்காலி வேண்டும், ஆய்வு நிதியில் கூலி அல்ல, சம்பளம் வேண்டும், கட்டுரையில் பெயர் வேண்டும். என்னுடைய அடுத்த கட்டுரை அவர் பெயரையும் சேர்த்துத்தான் போகும். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும்.