கட்டிவிட்டால் இடிக்க மாட்டார்களாம்

"முதல்ல கட்டிடுங்க சார், அப்புறம் ஃபைன் கட்டி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்." மேஸ்திரி சொல்லும் இந்த வார்த்தைதான் நம் ஊரில் கட்டட விதி. பிளான் அப்ரூவல் என்பது பேங்க் லோனுக்குத் தேவைப்படும் காகிதம், அவ்வளவே.

இந்த நம்பிக்கையை ஊட்டி வளர்த்தது அரசுதான். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-ல் 113-ஏ பிரிவைச் சேர்த்து, 28.2.1999-க்குள் கட்டிய விதிமீறல்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பு வழங்கினார்கள். பிறகு கெடு நகர்ந்துகொண்டே போனது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. விடுவார்களா? 2012-ல் 113-சி வந்தது. முறையாக இடம் விட்டுக் கட்டியவர்தான் ஏமாளியானார்.

ஆனால் 113-சி பொருந்துவது 1.7.2007-க்கு முன் எழுந்த கட்டடங்களுக்கு. இன்று தளம் போடுகிறவர் எதை நம்பிப் போடுகிறார்? நொய்டாவில் 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடிவைத்துத் தகர்த்த இரட்டைக் கோபுரங்களின் முக்கியக் குற்றங்களில் ஒன்று, பக்கத்துக் கட்டடத்துக்கு விடவேண்டிய இடைவெளியை விடாதது. கட்டி முடித்தாயிற்று என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

லஞ்சம் கொடுக்காமல் கையெழுத்து கிடைக்காதே என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. தரைத்தளமும் முதல் தளமும் கட்டிக்கொள்ளலாம். கையெழுத்து வீட்டுக்காரருடையது. அதையும் மீறினால் யாரைத் திட்டுவது?

சிறு வீடுகளுக்குப் பக்கவாட்டில் விடச் சொல்வது ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோதான். அதையும் விழுங்கியவர்களின் வீடுகளைப் பாருங்கள். முகப்பில் டைல்ஸ் மின்னும். பக்கச் சுவரில் செங்கல் பல்லிளிக்கும். சாரம் கட்ட இடமிருந்தால்தானே பூச முடியும்? மழை பெய்தால் படுக்கையறைச் சுவர் ஓதம் காக்கும். கழிவுநீர்க் குழாய் அடைத்தால் ஆள் நுழைய வழியில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் காற்றும் போயிற்று, வெளிச்சமும் போயிற்று.

பிளானில் பார்க்கிங் என்று காட்டிய இடத்தைக் கடையாக்கி வாடகைக்கு விட்டு, சொந்தக் காரைத் தெருவில் நிறுத்துகிறவரும் இதே கட்சிதான். அந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வரமுடியாமல் திணறும்போது, "கார்ப்பரேஷன் என்னதான் பண்ணுது?" என்று முதல் ஆளாகச் சத்தம் போடுகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.