மன்றத்துக்கு எந்தக் கீபோர்டு?

நம் மன்றத்துக் கீபோர்டு வொர்க்ஸ்டேஷனுக்கு வயதாகிவிட்டது. நடுவிலுள்ள நான்கு கட்டைகள் ஒருசமயம் ஊமையாகின்றன. மறுசமயம் மெல்லத் தொட்டாலும் அலறுகின்றன. திரை மங்கிவிட்டது. மின்சாரத்தை நிறுத்தினால், அமைத்து வைத்த ஒலிகளையெல்லாம் மறந்துவிடுகிறது. பொங்கல் விழாவுக்குள் மாற்று ஏற்பாடு வேண்டும் என்பதில் நம்மிடையே வேற்றுமை இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் மூன்று கட்சிகள்!

கடன்பட்டாலும் சரி, கடையில் கண்ணைப் பறிக்கும் பெரிய கருவியே வேண்டும் என்பது முதற் கட்சி. லேப்டாப் ஒன்றும், அதனோடு இணைக்கும் வெறுங் கட்டைப்பலகை ஒன்றும் போதும் என்பது இரண்டாவது. பழையதையே பழுது பார்ப்போம் என்பது மூன்றாவது. மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் மூவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றும் உண்டு: அந்தக் கருவி யாருக்கு?

முதலில் பெருமை பேசுவோருக்குச் சிலவற்றை நினைவூட்டுகிறேன். கட்டைகள், ஒலிகள், எஃபெக்ட்கள், பல தடங்களில் பாட்டைப் பதிந்து வைக்கும் சீக்வென்சர் ஆகிய அனைத்தையும் ஒரே உடலில் அடக்கி உலகெங்கும் புகழ்பெற்ற கருவி, 1988-இல் வந்த கோர்க் எம்1. அதில் ஒரே நேரத்தில் எழக்கூடிய குரல்கள் 16, தடங்கள் 8. அதைக் கொண்டே எத்தனையோ இசைத்தட்டுகள் உருவாயின. இன்று நடுத்தர விலைக் கருவியிலேயே 64 குரல்களும் 16 தடங்களும் கிடைக்கின்றன. ஆயிரம் ஒலிகள் உண்டென்று விளம்பரம் முழங்கலாம். நம் மேடை கேட்பது பியானோ, வயலின் கூட்டம், புல்லாங்குழல், நாகசுரம், தவில் எனப் பத்துப் பன்னிரண்டைத்தான். எஞ்சியவற்றுக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்?

விலை கொடுக்க வேண்டிய இடங்கள் வேறு. அழுத்தும் வேகத்தை உணரும் 61 முழு அளவுக் கட்டைகள் வேண்டும். கமகத்துக்கு, சுரத்தை வளைக்கும் சக்கரமோ நெம்புகோலோ வேண்டும். சுரத்தை வளைக்க இயலாது என்ற குறையும் சேர்ந்தே ஆர்மோனியத்தை 1940-இல் அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கி வைத்தது; 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. மலிவு விலைக் கீபோர்டுகள் பலவற்றில் இந்த வளைவுச் சக்கரம் இருப்பதில்லை. நம் பாட்டுக்கு அது அணிகலனன்று, உயிர்நாடி. அமைத்ததைச் சேமிக்க யூ.எஸ்.பி. வசதியும் வேண்டும். ஃபிளாப்பித் தட்டை நம்பியோர் கதி தெரிந்ததே. சோனி நிறுவனமே 2011-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது.

லேப்டாப் கட்சியினர் கெட்டிக்காரர்கள். ஒலியின் தரத்தில் அவர்களோடு வாதிட முடியாது. ஏற்கெனவே லேப்டாப் வைத்திருப்பவருக்குச் செலவும் குறைவு. ஆனால் லேப்டாப் யாருடையது? அது ஒரு மாணவருடையது. அதில் அவருடைய ஆய்வேடு இருக்கிறது. தேர்வு முடிந்து அவர் ஊர் திரும்பும் நாளில், மன்றத்தின் இசைக்குழுவும் அவர் பையில் ஏறிப் போய்விடும். மின்சாரம் கொடுத்ததும் பாடும் கருவி ஒன்று மன்ற அறையில் நிலைத்திருந்தால், முதலாண்டு மாணவன் எவனும், மாணவி எவளும், யாரிடமும் கெஞ்சாமல் அதன் முன் அமரலாம்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. பிழைப்புத் தேடி வந்து, ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருக்கும் என் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களில் கீபோர்டு வாங்குவது கனவு. ஒற்றைச் சுவர் வீட்டில் வாசித்தால் இரவுப்பணி முடித்து உறங்குவோர் விழித்துக்கொள்வர். எங்களுக்கு மன்ற அறையே இசைப்பள்ளி.

1976-இல் தந்தை ஆர்.கே. சேகர் மறைந்தபோது ஏ.ஆர். ரகுமானுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு அக்குடும்பம் பிழைத்தது. அந்தச் சிறுவனே பின்னர் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்து, 1992-இல் ‘ரோஜா’வுக்கு இசையமைத்தார். திறமை எந்த வீட்டிலும் பிறக்கும். ஆனால் கைக்கெட்டும் தொலைவில் கருவி இருந்தால்தான் அது வளரும்.

இதே மைசூரின் மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார் பியானோ பயின்றவர். ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகள் இசைத்தட்டுகளாக வெளிவர இலண்டனுக்குப் பொருளுதவி செய்தவர். நம்முடையதோ அரண்மனைக் கருவூலமன்று, சந்தாப் பணம். ஒவ்வொரு ரூபாயும் பல கைகளுக்குப் பயன்பட வேண்டும்.

ஆகவே என் துணிபு இது. நடுத்தர வொர்க்ஸ்டேஷன் ஒன்றை வாங்குவோம். நல்ல நிலையிலிருந்தால் பழைய சந்தையில் வாங்குவதும் இழுக்கன்று. வாங்குமுன் ஒவ்வொரு கட்டையையும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக என மும்முறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஓர் ஒலியை அமைத்துச் சேமித்து, மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்து, அது நினைவிருக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். உதிரிப்பாகங்கள் மைசூரிலோ பெங்களூரிலோ கிடைக்குமா என விசாரிக்க வேண்டும். தொகை முழுவதையும் கருவிக்கே கொட்டிவிடாமல், ஐந்தில் ஒரு பங்கை உறை, தாங்கி, ஹெட்போன், ஸ்டெபிலைசர் ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும்.

பழையதைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம். ஊமையான கட்டைகளுக்குப் பெரும்பாலும் அடியிலுள்ள ரப்பர் தொடுமுனைகளின் தேய்மானமும் தூசியுமே காரணம். மறதிக்கு உள்ளிருக்கும் சிறு பேட்டரி. இரண்டும் சிறு செலவில் தீரக்கூடியவை. 1983-இல் பிறந்த மிடி இணைப்பு இன்றும் மாறாத பொதுமொழி. அது ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் என்னும் செய்தியை மட்டுமே அனுப்புகிறது. வேகத்தை 1 முதல் 127 வரை எண்ணாகச் சொல்கிறது. எனவே பழைய கருவியின் கட்டைகளைக் கொண்டு புதியதன் ஒலிகளை வாசிக்கலாம். லேப்டாப் நண்பர்களும் அதையே தங்கள் கட்டைப்பலகையாக்கிக் கொள்ளலாம். புதியது மேடைக்கு; பழையது பயிற்சிக்கு.

அடுத்த பொதுக்குழுவில் விலைப்பட்டியலைப் புரட்டுமுன் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றுவோம்: பயிற்சிக் கருவி மாலைதோறும் எல்லா உறுப்பினருக்கும் திறந்திருக்கும், அறைச் சாவி ஒருவரிடமே தங்காமல் முறைவைத்து மாறும். இதற்கு இசையாமல் எவ்வளவு உயர்ந்த கருவியை வாங்கினாலும், அது ஆண்டுக்கு ஒருநாள் தூசி தட்டப்படும் பொங்கல் பானையாகவே இருக்கும்.